மதியத்தில் பருத்த மரங்கள்

அத்தியாயம் ஆறு

"கேஸை விட்டுடுங்க" என்றாள் அந்தப் பெண்.

இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துவிட்டு, பிறகு சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்த பெண்மணி லென்ஸ். பெற்றோர் வைத்த பெயர் வேறு; அதை இப்போது மின்சார பில் மட்டும்தான் உபயோகிக்கிறது. "கேஸை விட்டுடுங்க" என்று குற்றவாளிகள் சொல்லி அவர் கேட்டிருக்கிறார். குற்றவாளிகளின் மாமியார்கள் சொல்லியும் கேட்டிருக்கிறார். ஆனால் குற்றம் சாட்டப்பட்டு, இன்னும் மூன்று மணி நேரத்தில் ஐந்து வருஷப் படிப்பு பறிபோகப் போகிற ஒருத்தி, காப்பாற்ற வந்தவர்களைப் பார்த்து அப்படிச் சொல்லி இதுவரை கேட்டதில்லை.

"விட்டுடறோம்மா" என்றான் உதவியாளன் மைக்செட். "உங்க அண்ணன் விட்டாத்தானே? காலைல எட்டு மணிக்கு எங்க ஆபீஸ் வாசல்ல நிக்கறாரு. அந்த ஆபீஸ்ல சம்பளம் வாங்கற நானே ஒன்பதரைக்கு முன்னாடி அந்த வாசலைப் பார்த்ததில்லை."

மைக்செட் ஒரு காலத்தில் ஒலிபெருக்கிகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். கடை கைவிட்டுப் போனது. ஒலிபெருக்கி மட்டும் அவன் தொண்டையிலேயே தங்கிவிட்டது. நாற்பது வயதாகியும் இறங்கவில்லை.

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையும் இல்லை. பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆய்வு மாணவி. டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டைப் போன மாதம்தான் சமர்ப்பித்திருந்தாள். அதிலுள்ள அளவுகளில் ஒரு பகுதி புனையப்பட்டது என்று புகார். இன்று நான்கு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. புனைந்தது அவள்தான் என்று முடிவானால் பதிவு ரத்து. இந்த ஊரில் மட்டுமல்ல, எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவளை இனி ஆய்வுக்குச் சேர்க்க மாட்டார்கள்.

லென்ஸ் சுற்றிலும் பார்த்தார். தாவரவியல் கட்டடத்தில் மராமத்து நடப்பதால், நான்கு மாதமாக ஐந்து துறை ஆய்வு மாணவர்களை இந்த ஒரே கூடத்தில் அடைத்திருந்தார்கள். பிளைவுட் தட்டிகள். தட்டிக்குத் தட்டி ஒரு மேஜை. மொத்தக் கூடத்துக்கும் ஒரே ஒரு மின்சாரக் கெட்டில். அதன் மேல் "கொதித்ததும் அணைக்கவும்" என்று ஐந்து வெவ்வேறு கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவளுடைய மேஜைக் காலில் மெல்லிய எஃகுப் பட்டை ஒன்று, முனையில் ஸ்பிரிங்கோடு தொங்கியது.

"இது என்னம்மா?"

அந்தக் கேள்வி அவளை ஒரு கணம் மாற்றியது. முகத்திலிருந்த இறுக்கம் தளர்ந்தது.

"மரத்துக்குப் போடற ஒட்டியாணம். அடிமரத்தைச் சுத்திக் கட்டி ஸ்பிரிங்கால இழுத்துப் பிடிச்சிருக்கும். மரம் பருத்தா இந்த இடத்துல இடைவெளி கூடும், இளைச்சா குறையும். அந்த இடைவெளியை வெர்னியர் காலிபர் வெச்சு அளப்போம். வளாகத்துக்குப் பின்னாடி முப்பது மரம். விடியும்போது ஒரு தடவை, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு தடவை. ரெண்டு வருஷம் அளந்தேன்."

"ஒரே நாள்ல மரம் பருத்து இளைக்குமா?" மைக்செட் வாயைப் பிளந்தான். "எங்க மச்சான் எட்டு மாசமா தினம் ஓடறாரு. பெல்ட்டுல ஒரு ஓட்டைகூட நகரலை."

"தினமும் நடக்கும். அதுதான் என் ஆராய்ச்சியே." அவ்வளவுதான். மறுபடியும் முகம் மூடிக்கொண்டது. "நீங்க கிளம்புங்க மேடம்."

"ஒரே ஒரு கேள்வி. சந்தேகப்படற பதினோரு நாளோட மூலத் தாள்களைக் குழு கேட்டுச்சு. நீங்க கொடுக்கலை. ஏன்?"

"தொலைஞ்சு போச்சு."

"எப்படி?"

"தொலைஞ்சு போச்சு மேடம்."

லென்ஸ் கிளம்பிவிட்டார். கூடத்தின் நடுவில் வந்ததும் மைக்செட்டின் காதருகே சொன்னார்: "ஒரு பொருளைத் தொலைச்சவங்க எங்கெல்லாம் தேடினாங்கன்னு சொல்லுவாங்க. அலமாரியில பார்த்தேன், பையில பார்த்தேன், கட்டிலுக்கு அடியில பார்த்தேன்னு. நாம கேட்காமலே சொல்லுவாங்க. இவ ஒரு இடத்தைக்கூடச் சொல்லலை."

"அப்ப?"

"தாள் தொலையலை. அது யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு அவளுக்கு இருக்கு."

"அப்ப அவதான் பொய்யா எழுதினாளா? அக்கா, அண்ணன்கிட்ட அட்வான்ஸ் வேற வாங்கியாச்சு!"

"மெதுவாப் பேசு. அஞ்சு துறைக்கும் கேக்குது."

---

புகாருக்குக் காரணமானவன் இரண்டு தட்டி தள்ளி உட்கார்ந்திருந்தான். புள்ளியியல் ஆய்வு மாணவன். கூடத்தில் எல்லாரும் அவனைச் சராசரி என்று கூப்பிட்டார்கள். பத்து விரலிலும் நகத்தைக் கடித்து முடித்துவிட்டு, அடுத்து எதைக் கடிக்கலாம் என்று தேடுகிறவன் போல இருந்தான்.

"நான் மாட்டிவிடலை மேடம்" என்றான் கேட்பதற்கு முன்பே. "அவங்களாத்தான் ஃபைலைக் கொண்டுவந்து கொடுத்தாங்க. ஆய்வேடு கொடுத்தாச்சு, இதையே சுருக்கிக் கட்டுரையா அனுப்பணும், கணக்கைச் சரிபார்த்துக் கொடுன்னு கேட்டாங்க. பதினோரு நாள் மட்டும் விபரீதமா இருந்துச்சு. எனக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்? எங்க கைடுகிட்ட இது என்ன சார்னு கேட்டேன். அவர் நேரா குழுவுக்கு எழுதிட்டாரு."

"விபரீதம்னா எப்படி? எனக்கும் மரத்தைப் பத்தித் தெரியாது. சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

சராசரிக்கு உயிர் வந்தது. மேஜைமேல் இருந்த காகிதப் பொட்டலப் பழச்சாற்றை எடுத்து, உறிஞ்சுகுழலில் வாயை வைத்து இழுத்தான். பொட்டலத்தின் பக்கங்கள் உள்ளே ஒட்டின.

"அவங்க எனக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க. வெயில் ஏற ஏற இலை தண்ணியை வெளியே விட்டுக்கிட்டே இருக்கும். வேர் கீழேயிருந்து கொடுக்கும். ஆனா மத்தியானத்துல இலை கேக்கற வேகத்துக்கு வேரால கொடுக்க முடியாது. அப்ப மரம் தன் உடம்புல இருக்கற தண்ணியை எடுத்துக் கொடுக்கும். இந்தப் பொட்டலம் மாதிரி கொஞ்சம் ஒடுங்கும். ராத்திரி வேர் மறுபடி நிரப்பும். விடியும்போது மரம் கொழுகொழுன்னு இருக்கும், மத்தியானம் மெலிஞ்சிடும். தலைமுடி கனம்தான் வித்தியாசம். ஆனா மழை இல்லாத நாள்ல தவறாம நடக்கும்."

"அந்தப் பதினோரு நாள்?"

"பதினோரு நாளும் நல்ல வெயில். ஆனா முப்பது மரமும் மத்தியானத்துல பருத்திருக்கு."

மைக்செட் விசிலடித்தான். "முப்பதும் மாசமா இருந்திருக்கும்."

லென்ஸ் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சராசரியிடம் திரும்பினார். "காலை எண்கள்?"

"காலை எண்கள்ல ஒரு குறையும் இல்லை. முன்னாடி நாளோடயும் பின்னாடி நாளோடயும் அழகாச் சேருது. மத்தியானம் மட்டும்தான் தப்பு." சராசரி தலையைக் குனிந்துகொண்டான். "மேடம், குழுகிட்ட நான் இதையும் சொன்னேன். ஏமாத்தறவங்க யாராவது கணக்குக்காரன்கிட்டயே கொண்டுவந்து கொடுப்பாங்களா? ஒருத்தரும் காதுல போட்டுக்கலை."

"இந்தப் பக்கத்தை நான் எடுத்துக்கட்டுமா?"

"எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. இதை இனிமே என் மேஜையில பார்க்க வேண்டாம்."

---

நடைபாதையில் ஒரு பெஞ்ச். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டரை. லென்ஸ் தாளை மடியில் விரித்து, பென்சிலை எடுத்தார்.

"யோசி, மைக்செட். அந்தப் பொண்ணு எண்களை இட்டுக்கட்டியிருந்தா எப்படி இட்டுக்கட்டியிருப்பா?"

"சரியா இட்டுக்கட்டியிருப்பா. மத்தியானம் மரம் இளைக்கும்னு ஊருக்கே பாடம் எடுக்கறவளாச்சே."

"அதேதான். குழுவுல இருக்கற பெரியவங்க யாருக்கும் இது தோணலை. மத்தியானம் மரம் பருக்கும்னு எழுதணும்னா, எழுதினவருக்கு மரத்தைப் பத்தி ஒண்ணுமே தெரிஞ்சிருக்கக் கூடாது."

"இல்லேன்னா வேணும்னே தப்பா மாத்தியிருக்கணும். கூடப் படிக்கற எவனாவது. பொறாமையில."

"கெடுக்கணும்னு நினைக்கறவன் கிறுக்கிவிட்டுப் போயிடுவான். இதைப் பாரு." லென்ஸ் பென்சில் முனையை வைத்தார். "இந்த நாள் விடியும்போது வெப்பம் இருபத்திரண்டு டிகிரி. மத்தியானம் முப்பத்திரண்டு. பத்து டிகிரி ஏறியிருக்கு. நாலாம் மரம், சுற்றளவு ஒரு மீட்டர். மத்தியானம் எவ்வளவு பருத்திருக்கு?"

"புள்ளி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்."

"ஒன்பதாம் மரம், ஒன்றரை மீட்டர்."

"புள்ளி ஒண்ணு எட்டு."

"பதினேழாம் மரம் ஒல்லி. அரை மீட்டர்."

"புள்ளி பூஜ்யம் ஆறு. அக்கா, இது என்ன வாய்ப்பாடு மாதிரி போகுது?"

"வாய்ப்பாடுதான்." லென்ஸின் குரலில் அந்தப் பழைய குறுகுறுப்பு வந்துவிட்டது. ஒரு பொருள் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டால் அவருக்குப் பசிகூட மறந்துபோகும். "மரம் எவ்வளவு பெருசோ, அந்த அளவுக்குப் பருத்திருக்கு. அடுத்த நாள் எட்டு டிகிரிதான் ஏறியிருக்கு. ஒரு மீட்டர் மரம் கிட்டத்தட்ட புள்ளி ஒண்ணு. வெயில் குறைஞ்சா பருக்கறதும் அதே கணக்குல குறையுது. பதினோரு நாள், முப்பது மரம், முந்நூத்து முப்பது எண். யாரோ ஒருத்தர் உட்கார்ந்து, ஒவ்வொண்ணா, பொறுமையா, நேர்மையாக் கணக்குப் போட்டிருக்காங்க."

"நேர்மையா பொய் சொல்லியிருக்காங்கன்னு சொல்றீங்க."

"ஆமா" என்றார் லென்ஸ். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவரையே உறுத்தியது. பொய் க்ளெய்ம் எழுதுகிறவர்கள் சோம்பேறிகள். இருபது வருஷத்தில் ஒரு விதிவிலக்கு பார்த்ததில்லை. இந்தத் தாளில் சோம்பல் ஒரு துளிகூட இல்லை.

"சூட்டுல பொருள் நீள்றதை இந்தக் கூடத்துல யார் படிக்கறாங்க?"

மைக்செட் எழுந்து தட்டிகளின் மேல் எட்டிப் பார்த்தான். "ஜன்னலோரத் தட்டியில பாலம் படம் ஒட்டியிருக்கு அக்கா. ஒரு பாலத்துக்கு நாற்பது படம். பொண்ணு பார்த்தப்பகூட எனக்கு ஒரு படம்தான் அனுப்பினாங்க."

---

அவன் பெயரும் பாலம்தான். கூடத்தில் அப்படித்தான் வழங்கியது. கட்டுமானப் பொறியியல் ஆய்வு மாணவன். பாலங்களில் இரண்டு தளங்களுக்கு நடுவே விடுகிற இடைவெளிதான் அவன் ஆராய்ச்சி. பஸ்ஸில் போகும்போது பாலத்தின்மேல் சீரான நேரத்துக்கு ஒருதரம் தடக் தடக் என்று கேட்கிறதே, அந்தச் சத்தத்துக்கு அவன் நான்கு வருஷத்தைக் கொடுத்திருந்தான்.

லென்ஸ் மரம் என்ற வார்த்தையையே சொல்லவில்லை. மூன்று நீளம், மூன்று நீட்சி, வெப்ப ஏற்றம் பத்து. ஒரு துண்டுக் காகிதத்தில் அவ்வளவுதான் எழுதி நீட்டினார்.

பாலம் காகிதத்தை வாங்கக்கூட இல்லை. "இரும்பு" என்றான்.

"எப்படிச் சொல்றீங்க?"

"பன்னிரண்டு. அது இரும்போட எண் மேடம். ஒரு மீட்டர் இரும்பு, ஒரு டிகிரி சூட்டுக்கு, ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல பன்னிரண்டு பங்கு நீளும். பத்து டிகிரிக்கு புள்ளி ஒண்ணு ரெண்டு. அலுமினியம்னா இதுல ரெண்டு பங்கு. கண்ணாடின்னா குறைவு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் உண்டு. பன்னிரண்டுன்னா கண்ணை மூடிக்கிட்டு இரும்புன்னு சொல்லிடலாம்."

மைக்செட் ஒரு அடி முன்னால் வந்தான். "தம்பி, இந்த எண்ணைக் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றது இந்தக் கூடத்துல நீ ஒருத்தன்தான். அந்த மரக்காரப் பொண்ணோட மேஜையும் இங்கேயிருந்து பத்தடிதான். இது மரத்தோட தாள். நீதானே எழுதின?"

பாலம் காகிதத்தை அப்போதுதான் கையில் வாங்கினான். அவன் முகத்தில் பயம் வரும் என்று மைக்செட் எதிர்பார்த்தான். வந்தது எரிச்சல்.

"மரத்துக்கு யாராவது பன்னிரண்டு போடுவாங்களா? மரத்துக்கு வேற எண் இருக்கு. நீளவாக்குல ஒண்ணு, குறுக்குவாக்குல ஒண்ணு. அஞ்சாவது அலமாரியில புத்தகமே இருக்கு. நான் பொய் எழுதறதா இருந்தா அதைப் பார்த்துச் சரியான எண்ணைப் போட்டுத்தான் எழுதியிருப்பேன். படிக்கறவன் எவனும் எதுக்கும் புத்தகத்தைப் பார்க்காம எழுத மாட்டான் சார். அது எங்க வியாதி."

"அப்ப இதை எழுதினது?" லென்ஸ் மெதுவாகக் கேட்டார்.

"புத்தகம் பார்க்காதவங்க. பன்னிரண்டு அவங்க நாக்கு நுனியில இருக்கும். அவங்க உலகத்துல எல்லாமே இரும்புதான். தண்டுமேல வளையத்தை ஏத்தறதுக்கு முன்னாடி எவ்வளவு சுட வைக்கணும்னு தினமும் கணக்குப் போடறாங்களே, ஒர்க்‌ஷாப்ல..."

அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். லென்ஸ் கேட்கவில்லை. காலையில் ஆபீஸ் வாசலில் நின்ற மனிதரின் கை ஞாபகம் வந்தது. கட்டைவிரல் ரேகைக்குள் எண்ணெய்க் கறுப்பு. தினமும் எட்டு மணி ஷிஃப்டு, இன்று மட்டும் லீவு என்று சொல்லியிருந்தார். காலை அளவுகள் சுத்தம், மத்தியானம் மட்டும் கணக்கு. யாருக்கு விடியக்காலம் வர முடியும், மத்தியானம் வர முடியாது? காலை எட்டு மணி ஷிஃப்டில் நிற்கிறவருக்கு.

மைக்செட்டும் அதே முடிவுக்கு வந்து சேர்ந்துவிட்டான். "அக்கா" என்றான். ஒலிபெருக்கி அணைந்த குரல். "அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாமா?"

"மணி என்ன?"

"மூணு இருபது."

---

விசாரணை அறை மேல்மாடியில். கதவின் நடுவில் ஒரு கண்ணாடிச் சட்டம். எதிரே, சுவரோடு ஒட்டிப் போட்டிருந்த நாற்காலிகளில் உட்காராமல், அண்ணன் நின்றுகொண்டிருந்தார். பஸ் ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுகிறவர். நீலச் சட்டையின் மேல் பட்டன்வரை போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார்.

"கண்டுபிடிச்சீங்களா மேடம்? எவன் மாத்தினது?"

"உக்காருங்க."

"பரவாயில்லை மேடம்."

லென்ஸும் உட்காரவில்லை. "போன வருஷம் ஒரு பதினோரு நாள். உங்க தங்கச்சி அப்ப எங்கே இருந்தாங்க?"

அவர் தேதியைக்கூடக் கேட்கவில்லை. "டைபாய்டு. ஆஸ்பத்திரியில இருந்தா. எழுந்திரிக்கவே முடியலை. கண்ணு திறந்தா, அளவு விட்டுப்போகுது அண்ணா, அளவு விட்டுப்போகுதுன்னு அதே புலம்பல். ஒரு நாள் விட்டுப்போனாக்கூட வருஷம் முழுக்கக் கெட்டுடுமாம். நான் பார்த்துக்கறேன்டி, நீ தூங்குன்னு சொன்னேன். காலிபர் பிடிக்கறதை அவ எனக்குச் சொல்லித்தரணுமா? பதினோரு நாளும் நான்தான் அளந்தேன் மேடம். ஷாப்ல எல்லாருக்கும் தெரியும். தங்கச்சி டாக்டர் ஆகறா, அதுல பதினோரு நாள் என் கைன்னு சொல்லியிருக்கேன்." அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "சும்மா பெருமைக்கு."

மைக்செட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கும் வந்தீங்களா?"

"அது... ஷிஃப்டு மேடம். விட மாட்டாங்க. ஆனா ஏமாத்தலை. காலைல ஒவ்வொரு மரத்தையும் ரெண்டு தடவை அளந்தேன். மத்தியான வெப்பத்தை ஷாப் வாசல்ல தொங்கற மீட்டர்ல பார்த்துக் குறிச்சுப்பேன். வீட்டுக்கு வந்து மத்தியான அளவுக்குக் கணக்குப் போட்டு எழுதிடுவேன். ஒரு எண்ணைக்கூட உத்தேசமாப் போடலை."

"ஒரு மீட்டர் இரும்பு. பத்து டிகிரி சூடு. எவ்வளவு நீளும்?"

"புள்ளி ஒண்ணு ரெண்டு" என்றார் அண்ணன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

அவர் லென்ஸின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் லென்ஸின் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதிலிருந்த எண்களை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"இதுவா தப்புங்கறாங்க?"

"மரம் மத்தியானத்துல சுருங்கும்."

"சுருங்குமா? சூட்டுலயா?"

லென்ஸ் சொன்னார். இலை, வேர், மரம் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிற தண்ணீர், இரவில் நிரம்புவது. அண்ணன் ஒரு புது மெஷினைப் பற்றிக் கேட்கிறவர் போலக் கவனமாகக் கேட்டார். நடுவில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டார். பிறகு கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நாங்க கணக்குப் போட்டுத்தான் மேடம் வளையம் ஏத்துவோம். கணக்குல வந்தா வந்த மாதிரிதான். போய் அளந்து பார்த்தாலும் அதேதான் இருக்கும். ஒரு நாளும் தப்பினதில்லை." அவர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். "அவகிட்ட நான் சொல்லவே இல்லை. அளந்தேன்னுதான் சொன்னேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"யார்கிட்ட என்ன பேசிட்டிருக்கே?"

மாடிப்படியில் தங்கை நின்றாள். கையில் கறுப்பு அட்டை போட்ட ஆய்வேடு. அண்ணனின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே வந்தாள்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் லென்ஸிடம். "விட்டுடுங்கன்னு சொன்னேனே மேடம். காலைப் பிடிக்காத குறையாச் சொன்னேனே."

"தாளை நீங்கதான் ஒளிச்சு வெச்சீங்க. அது அண்ணன் கையெழுத்து."

"கிழிச்சுப் போட்டுட்டேன்." அவள் ஆய்வேட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். "அண்ணன் எழுதினதைச் சரிபார்க்காம அப்படியே ஃபைல்ல ஏத்திட்டேன். சராசரி வந்து காட்டின அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் பொய் எழுதினேன்னு சொன்னாலும் பட்டம் போகும். அண்ணன் எழுதினான்னு சொன்னாலும் போகும். ஏன்னா இதுல முதல் பக்கத்துலயே, அளவுகள் அனைத்தையும் நானே எடுத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். ரெண்டு வழியிலயும் போறதுதான் போகுது. அவனுக்குத் தெரியாமப் போற வழியை நான் எடுத்துக்கிட்டேன். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"ரெண்டும் ஒண்ணு இல்லம்மா. நான் இவங்க விதியைப் படிச்சுட்டுத்தான் வந்தேன். எண்களைப் புனைஞ்சா, ஆயுசுக்கும் தடை. உறுதிமொழி தப்புன்னா, ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுப்பாங்க. தாளைக் கிழிச்சதுக்கு என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியலை. ஒரு வருஷம் போகலாம், ரெண்டு போகலாம். ஆனா கதவு சாத்தாது."

"ஏய்" என்றார் அண்ணன்.

அவள் திரும்பவில்லை.

"ஏய், இங்கே பாரு. எனக்காகவா பொய்க்காரின்னு பேர் வாங்கப் போனே? ஆயுசு பூரா?"

"நீ கீழே போ அண்ணா. கேன்டீன்ல போய் உக்காரு. நான் வந்துடறேன்."

"என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமேடி."

"எப்படித் திட்டறது?" அவள் வெடித்தாள். "விடியக்காலம் ரெண்டு மைல் சைக்கிள் மிதிச்சுப் போய், முப்பது மரத்தையும் ரெண்டு ரெண்டு தடவை அளந்திருக்கே. நான் ஒரு தடவைதான் அளப்பேன். அந்தக் காலை எண்கள் என் எண்களைவிடச் சுத்தமா இருக்கு. அதுக்காகத் திட்டறதா? எதை எடுத்துத் திட்டறது?"

கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, ஆய்வு மாணவி வந்தாச்சா என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் அண்ணன் நடந்துவிட்டார். "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். கதவு தானாக மூடிக்கொண்டது.

அவள் அப்படியே நின்றாள். பிறகு லென்ஸின் பக்கம் திரும்பினாள்.

"உங்களை யார் இதையெல்லாம் கண்டுபிடிக்கச் சொன்னது?"

லென்ஸிடம் பதில் இருந்தது. அந்தப் பதில் இப்போதுதான் கதவுக்கு உள்ளே போயிருந்தது. அவர் கதவைத் திறந்து பிடித்தார். அவள் அவரை முறைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

கண்ணாடிச் சட்டத்தின் வழியாகப் படம் தெரிந்தது; சத்தம் வரவில்லை. மூன்று பேர் கொண்ட குழு. அண்ணன் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்றிருந்தார். ஒரு நேர்கோடு போட்டு, பக்கத்தில் வெப்பத்தை எழுதி, கோட்டின் நுனியை ஒரு நூலிழை நீட்டிக் காட்டினார். தான் செய்த வேலையை, செய்த வரிசையிலேயே, ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாத்தியார் மாதிரி நிக்கறாரு" என்றான் மைக்செட். கிண்டலாகத்தான் சொல்ல வந்தான். பாதியில் அது வேறெதுவாகவோ ஆகிவிட்டது.

குழுத் தலைவர் எழுந்து வந்தார். வயதான பெண்மணி. அண்ணன் கையிலிருந்த பேனாவை வாங்கி, அவருடைய கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு வரைந்தார். காலையில் மேலே இருந்து, மத்தியானம் தாழ்ந்து, இரவில் மறுபடி ஏறுகிற கோடு. அண்ணன் இரண்டு கோடுகளையும் வெகுநேரம் பார்த்தார். தலைவரிடம் ஏதோ கேட்டார். தலைவர் தலையசைத்தார்.

பிறகு தலைவர் மேஜைக்குத் திரும்பி, கறுப்பு அட்டையைத் திறந்து, முதல் பக்கத்தில் விரலை வைத்தார். தங்கையைப் பார்த்தார். அறையில் இருந்த எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"இப்ப என்ன அக்கா ஆகும்?"

"எனக்குத் தெரியலை."

அவள் எழுந்தாள். தலைவரின் விரல் இருந்த இடத்துக்குப் போய்க் குனிந்து, தன் பேனாவால் 'நானே' என்ற வார்த்தையை அடித்தாள். அதற்கு மேலே எழுத ஆரம்பித்தாள். அடித்தது ஒரே ஒரு வார்த்தை. எழுதி முடிக்க நேரமானது. அண்ணனின் முழுப்பெயர், தகப்பன் பெயரோடு, நீளமானது.